கம்மாய தூர்வாரப் போறீங்களா? ஜேசிபிய கடைசியா கூப்பிடுங்க

முதல்ல எங்க ஊரு கூத்த சொல்லிட்டு அப்புறம் வேலைக்கு வர்றேன், ஏன்னா அந்தக் கூத்துல இருந்துதான் இதுல பாதிய கத்துக்கிட்டோம். சிவகங்கை மாவட்டத்துல வானம் பாத்த பக்கம் எங்க ஊரு. வருசத்துக்கு 900 மில்லிமீட்டர் வாக்குல மழை, அதுலயும் பாதி ஐப்பசி கார்த்திகையில வந்தாத்தான் உண்டு. கம்மாயில தண்ணி நிக்கிற உள்வாய் 60 ஏக்கர், அதுல பாயுற வயலு, அதாவது புரவு, 90 ஏக்கர். வெளியூர்ல வேலை பாக்குற பயலுக எல்லாம் சேந்து வாட்ஸ்அப் குரூப்பு ஆரம்பிச்சு, தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு வரி போட்டு, கோடையில ஜேசிபிய எறக்கி 20 நாள் தோண்டுனோம். 2 ஏக்கர், 3 அடி ஆழம். போட்டோ எடுத்தோம், வண்டிக்கு மாலை போட்டோம், கெடா வெட்டாத கொறதான்.

அந்த வருசம் மழை நல்லாவே பேஞ்சுச்சு. பக்கத்து ஊரு கம்மா ரொம்பி, மிச்சத் தண்ணி வழிஞ்சு மறுகா போச்சு. எங்க கம்மாயில நாங்க தோண்டுன குழியில மட்டும் தண்ணி நின்னுச்சு, அதுவும் நேரா வானத்துல இருந்து விழுந்த தண்ணி. "ஏப்பா, பெரிய தொட்டி கட்டுனீகளே, அதுக்கு பைப்பு மாட்டுனீகளா"ன்னு ஒரு அப்பத்தா கேட்டுச்சு. ஒருத்தனுக்கும் வாய் தெறக்கல.

கம்மா வேலைன்னாலே தோண்டுறதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம்ல, அந்த நெனப்பத்தான் முதல்ல மாத்தணும். கொஞ்சம் கணக்கு போடுவோம், பெரிய கணக்கு இல்ல. ஒரு ஏக்கர்ல ஒரு அடி ஆழம் மண்ணெடுத்தா 1,233 கனமீட்டர் மண்ணு வரும், அதுல 12 லட்சத்து 33 ஆயிரம் லிட்டர் தண்ணி நிக்கும். கேக்க பெருசா இருக்கா? ஒரு டிராக்டர் டிப்பருக்கு 3 கனமீட்டர்னு வச்சா அது 411 லோடு. ஒரு ஏக்கருக்கு, ஒரே ஒரு அடிக்கு. எங்க கம்மா பூராவும் ஒரு அடி எடுக்கணும்னா கிட்டத்தட்ட 25,000 லோடு. எவன் காசு குடுப்பான்?

இப்ப அந்தப் பக்கம் பாருங்க. கம்மாய்க்குத் தண்ணி வர்ற காடு கரை 2 சதுர கிலோமீட்டர்னு வைங்க. மண்ணு ஏற்கனவே நனைஞ்சு கெடக்குற நேரத்துல ஒரு 50 மில்லிமீட்டர் மழை பேஞ்சு, அதுல அஞ்சுல ஒரு பங்கு ஓடி வந்தாக்கூட 20,000 கனமீட்டர், அதாவது 2 கோடி லிட்டர். நாங்க 20 நாள் தோண்டுன குழிக்கு கொள்ளளவே 74 லட்சம்தான். ஒரே ராத்திரி மழை, வர்ற பாதை மட்டும் ஒழுங்கா இருந்தா, அதப்போல கிட்டத்தட்ட மூணு குழிய ரொப்பிட்டுப் போயிரும். அதனால வரிசை இதுதான்: தண்ணி வர்ற ஓடையான வரத்துக்கால் முதல்ல, மிச்சத் தண்ணி வழியிற கலுங்கும் வயலுக்குத் தண்ணி தெறக்குற மடையும் அடுத்து, கரை அதுக்கடுத்து, தோண்டுறது கடைசி.

கம்மா யாருது

இத கேக்காம மம்பட்டியத் தொடாதீங்க. தமிழ்நாட்டுல 39,000 சொச்சம் ஏரி கம்மா இருக்குன்னு கணக்கு. பொதுவா 40 ஹெக்டேருக்கு மேல புரவு இருந்தா அது நீர்வளத்துறை, அதாவது பழைய பொதுப்பணித்துறை கம்மா, அதுக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியம். எங்களுது 36 ஹெக்டேர்ங்கிறதால ஒன்றியக் கம்மா, பிடிஓ, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர் ஆபீஸ்தான் போகணும். இது தெரியாம நாங்க மூணு தடவை மாத்தி மாத்தி அலைஞ்சோம், ரெண்டு எடத்துலயும் "இங்க இல்ல"ன்னு அனுப்புனாங்க.

கிராம சபையில தீர்மானம் போட்டுக்கங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 இந்த ஆறு நாள் சபை கூடும், கம்மா வேலைக்கு மார்ச் 22தான் தோது. தீர்மானத்துல "கம்மாய சீரமைக்கணும்"னு மொட்டையா எழுதாதீங்க. எந்த சர்வே நம்பர், எந்த ஓடை, எந்த மடை, எத்தன மீட்டர்னு எழுதுங்க, மொட்டையா எழுதுனா மொட்டையாத்தான் பதில் வரும். அப்புறம் கிராம வரைபடம், எந்த நெலம் யாருதுன்னு சொல்ற அ பதிவேடு, ஒவ்வொரு சர்வே நம்பரோட அளவு போட்ட எஃப்எம்பி மூணையும் கையில வச்சுக்கங்க, விஏஓ கிட்டயும் தாலுகா ஆபீஸ்லயும் கெடைக்கும், நெறைய விசயம் ஆன்லைன்லயே எடுத்துரலாம். கூகுள் எர்த்துல பழைய வருசத்துப் படத்தையும் எடுத்து வைங்க, ஓடை எங்கன இருந்துச்சு எங்கன மடங்கி வயலாச்சுன்னு அதுல தெரியும், பின்னாடி சண்டை வர்றப்ப வாய்ப்பேச்சுக்கு இது எவ்வளவோ மேல்.

வரத்துக்கால நடந்தே பாருங்க

மாசி பங்குனியில, செடி கொடி காஞ்சு கெடக்குறப்ப, கம்மாயில இருந்து மேல தண்ணி வர்ற பக்கமா நடக்கணும். பைக்குல போகக்கூடாது. கூட வயசான ஆளு ஒருத்தரு, முடிஞ்சா மடையத் தெறந்து தண்ணி பாய்ச்சுன பழைய நீர்க்கட்டி இல்ல ஆடு மேய்க்கிறவரு, கட்டாயம் வேணும். இன்ஜினியருக்குத் தெரியாதது ஆடு மேய்க்கிறவருக்குத் தெரியும், மழை பேஞ்ச அன்னிக்கு தண்ணி எந்த எடத்துல ஒதுங்கி எந்தப் பக்கம் போகுதுன்னு அவருதான் குடை புடிச்சு நின்னு பாத்திருப்பாரு. கையில வரைபடம், போன்ல லொகேசன் போட்டு ஒவ்வொரு அடைப்புக்கும் ஒரு போட்டோ.

எங்களுக்கு ரெண்டரை கிலோமீட்டர்ல 11 எடம் சிக்குச்சு. சீமைக்கருவேலம் மூடுனது 4, குப்பை கொட்டுனது 1, வயலோட சேத்து உழுதது 3, பாதைக்காக மண்ணப் போட்டு மூடுனது 2. இதெல்லாம் எதிர்பாத்ததுதான். பதினொண்ணாவது தான் வில்லன். ரோட்டுக்கு அடியில ஒரு பாலம், நல்ல பாலம், குழாய் உள்ள சுத்தமா இருக்கு, ஆனா தண்ணி வராது. ஏன்னு ஒருத்தனுக்கும் புரியல.

அப்பத்தான் எங்க கொத்தனாரு ஒருத்தரு லெவல் டியூப்பு எடுத்துட்டு வந்தாரு. வீடு கட்டுறப்ப மட்டம் பாக்க தண்ணி ஊத்துன டியூப்பு வச்சிருப்பாங்கள்ல, அதேதான், 50 ரூவா சமாச்சாரம். ரெண்டு முனையையும் ரெண்டு குச்சியில கட்டி, குச்சியில சென்டிமீட்டர் குறிச்சு, 10 மீட்டருக்கு ஒரு எடமா ஓடையோட அடிமட்டத்த அளந்துக்கிட்டே போனோம். ஒரு நோட்டுல எழுதிக்கிட்டே போனா எங்க எறங்குது எங்க ஏறுதுன்னு பிட்டு பிட்டு வைக்கும். அந்தப் பாலத்துக் குழாயோட அடிமட்டம் மேல இருக்குற ஓடையவிட ஒன்றரை அடி ஒசரம்! ரோட்ட ஒசத்துனப்ப குழாயையும் ஒசத்திப் போட்டுட்டாங்க. தண்ணி அங்க வந்து முட்டி நின்னு, பக்கத்துப் பள்ளத்துல திரும்பி வேற ஓடைக்குப் போயிருச்சு. பத்து வருசமா.

நீங்களும் இத கட்டாயம் பண்ணுங்க. கண்ணால பாத்து "சரிவு இருக்கு"ன்னு சொல்றது நம்ம கண்ணு செய்யிற மோசடி. குழாய எறக்கிப் போடுறதுக்கு அந்த லெவல் நோட்டோட ஒரு பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து மனுவோட வச்சோம், அதுக்கப்புறம்தான் ஆளு வந்து பாத்தாங்க. அப்பவும் 14 மாசம் ஆச்சு, அது வேற கதை.

ஆக்கிரமிப்பு விசயத்துல கொஞ்சம் பொறுமை வேணும். ஓடைய உழுத மூணு பேர்ல ரெண்டு பேரு எங்க பங்காளிகதான். போன வேகத்துல கலெக்டருக்கு மனு போட்டிருந்தா கோர்ட்டுல போய் நின்னிருக்கும். வரைபடத்த விரிச்சு வச்சு, சர்வேயர வரச்சொல்லி அளந்து கல்லு ஊனி, "ஓடைக்கு இம்புட்டு அகலம் மட்டும் விட்ருங்க பெரியப்பா, வெளஞ்சிருக்கிறத அறுத்துக்கங்க, அறுத்ததுக்கு அப்புறம் வெட்டிக்கிறோம்"னு பேசுனோம். ஒருத்தரு ஒத்துக்கிட்டாரு, ஒருத்தரு முறைச்சாரு, அப்புறம் அவரு மகன் பேசி ஒத்துக்கிட்டாரு. மூணாவது ஆளு ஒத்துக்கவே இல்ல, அங்க சட்டம்தான். நீர்வளத்துறை கம்மான்னா 2007ல வந்த ஏரிப் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கு. ஒன்றியக் கம்மா, ஓடைப் புறம்போக்குன்னா 1905ஆம் வருசத்து நில ஆக்கிரமிப்புச் சட்டத்துல தாசில்தாருதான் நோட்டீஸ் விடணும். மனுவுல சட்டத்தோட பேர தப்பா போட்டா அதையே காரணம் காட்டித் திருப்பி அனுப்புவாங்க, அதனால இத பாத்து எழுதுங்க.

சீமைக்கருவேலம்

வெட்டுனா போகாது, இத எத்தன தடவை சொன்னாலும் கேக்க மாட்டாங்க. அடியில வெட்டுனா ஒரு கொம்பு நாலு கொம்பா தழையும். வேரோட புடுங்கணும், புடுங்குனதுக்கு அப்புறம் ரெண்டு வருசம் மழைக்குப் பின்னாடி முளைக்கிற கன்னுகள ஆளு விட்டு புடுங்கணும், இந்த ரெண்டாவது வேலையத்தான் எல்லாரும் மறக்குறது. ஆடு காய தின்னுட்டுப் புழுக்கை போடுற எடமெல்லாம் முளைக்கும்.

மரம் சும்மா போகாது, வெறகுக்கும் கரிமூட்டத்துக்கும் ஆளு வாங்க வருவாங்க, ஆனா புறம்போக்கு மரத்த நீங்களா விக்கக்கூடாது, ஆபீஸ் மூலமா ஏலம் விடச்சொல்லுங்க. ஏலம் எடுத்தவரு வேரோட எடுக்கணும், குழிய மூடணும்னு நிபந்தனையில எழுத வைங்க, இல்லாட்டி மேல வெட்டிட்டு வண்டிய கெளப்பிருவாரு.

ஒரு எச்சரிக்கை. கரை மேல இருக்குற மரத்த ஆவணி புரட்டாசியில ஜேசிபி வச்சு புடுங்காதீங்க. வேரு வந்த எடம் பொத்தல், ரொப்புன மண்ணு கெட்டிப்படுறதுக்குள்ள மழை வந்துரும், அந்த வழியாவே கரை போயிரும். கரையில இருக்குறத தை மாசி வாக்குல எடுங்க, குழியில அரை அடிக்கு அரை அடி மண்ணப் போட்டு தண்ணி தெளிச்சு திமிசு போட்டு இடிச்சு ரொப்புங்க.

நாட்டுக்கருவேலத்த விட்ருங்க, எல்லாத்தையும் வழிச்சுத் தள்ளிட்டு கிரிக்கெட் மைதானம் மாதிரி ஆக்குறது எனக்குப் புடிக்காது. பறவை ஒக்கார எடம் வேணும். எங்க மாவட்டத்துலயே வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டியில கொக்கு நாரை வந்து கூடு கட்டுதுன்னு தீபாவளிக்கு வெடி கூட போடாம இருக்காங்க. அதுக எச்சம் விழுற தண்ணி வயலுக்கு உரமா போகுதுன்னு அங்க உள்ளவங்களே சொல்லுவாங்க.

கலுங்கும் மடையும்

கலுங்குங்கிறது கம்மாயோட உயிர். கம்மா ரொம்புனா மிச்சத் தண்ணி வெளிய போற வாசல் அது. அதுல வரிசையா கல்லு நட்டிருப்பாங்க, ரெண்டு கல்லுக்கு நடுவுல பனை ஓலையும் மண்ணும் அடைச்சு கடைசி மழையில ஒரு அடி சேத்துப் புடிக்கிறது பழைய வழக்கம். அத நம்மாளு இப்ப சிமிண்டு வச்சு நெரந்தரமா அடைச்சுர்றான், இல்ல மணல் மூட்டைய அடுக்கிட்டு மறந்துர்றான். ரெண்டும் தப்பு. பெருமழை வந்தா தண்ணி கலுங்கு வழியா போக முடியாம கரைக்கு மேல ஏறும், மண்ணு கரைக்கு மேல தண்ணி ஏறுச்சுன்னா கதை முடிஞ்சுது. இன்னொண்ணு, நம்ம கலுங்குல வழியிறதுதான் கீழ் ஊரு கம்மாய்க்கு வரத்து, சங்கிலி மாதிரி ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணு. நம்ம ஒசத்துனா அவனுக்குப் போகாது. நேத்து மேல் ஊர்க்காரன் பண்ணத நம்ம திட்டுனோம்ல, அதையே நம்ம கீழ் ஊர்க்காரனுக்கு செய்யிறது என்ன நாயம்.

வேலைன்னு பாத்தா கலுங்குக்குப் பின்னாடி மறுகால் ஓடைய 100, 200 மீட்டராவது சுத்தம் பண்ணணும், தளத்துல அரிச்சுக்கிட்டுப் போன எடத்த கல்லு வச்சு பூசணும், அவ்வளவுதான். கலுங்கு மட்டத்த ஒரு அங்குலம் கூட்டணும்னா கூட ஆபீஸ் இன்ஜினியரு வந்து சொல்லாம தொடாதீங்க.

மடைக்கு வந்தா, பலகை உளுத்துருக்கும், திருகு துருப்புடிச்சிருக்கும், குழாய்க்கு உள்ள சேறு. கோடையில தண்ணி இல்லாதப்ப இந்தப் பக்கத்துல இருந்து டார்ச்சு அடிச்சா அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியணும், தெரியலன்னா அடைப்பு. ஷட்டர் ஒழுகுறத சாதாரணமா நெனைக்காதீங்க. நொடிக்கு ஒரு லிட்டர் ஒழுகுனா ஒரு நாளைக்கு 86,400 லிட்டர், 100 நாள்ல 86 லட்சம் லிட்டர், நாங்க 20 நாள் தோண்டுன குழிய விட அதிகம்! ஒரு ரப்பர் பட்டையும் ரெண்டு போல்ட்டும் போட்டு நிறுத்தக்கூடிய விசயம். பழைய குமிழி மடை நிக்கிற கம்மான்னா அத இடிச்சுட்டு சிமிண்டு மடை கட்டாதீங்கன்னு கெஞ்சி கேட்டுக்கிறேன், தண்ணிக்கு ஒரு தொளை சேத்துக்கு ஒரு தொளைன்னு வச்சு கட்டுனவன் நம்மளவிட கெட்டிக்காரன்.

இப்ப தோண்டலாம்

இவ்வளவும் முடிஞ்சு ஒரு மழை வந்து தண்ணி உள்ள வந்து நின்னு பாத்துட்டு, அடுத்த கோடையில மண்ணெடுங்க. காசு குடுத்து எடுக்காதீங்க, வெவசாயிக்கே குடுங்க, கரம்பை, அதாவது கம்மா வண்டல் வேணும்னு அவனே வண்டி கொண்டு வருவான். வெவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் வண்டல் இலவசம். 2024ல இருந்து தாசில்தாரே அனுமதி குடுக்கலாம், முன்ன மாதிரி கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போக வேணாம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90, மண்பாண்டம் செய்றவங்களுக்கு 60ன்னு அளவு இருக்கு, டிராக்டர் கணக்குல 25, 30, 20 லோடு. சிட்டா அடங்கலோட போங்க. கம்மா பேரு அனுமதிப் பட்டியல்ல இருக்கான்னு முன்னாடியே பாத்துக்கங்க.

மணல் செம்மண்ணு காட்டுக்கு கரம்பை அடிச்சா ஈரம் நிக்கும், நல்ல விசயம். ஏற்கனவே களியா இருக்குற வயலுக்கு அடிக்காதீங்க. ஒரு கிலோ மண்ண மண் பரிசோதனைக்குக் குடுத்து உப்பு எவ்வளவுன்னு பாத்துட்டு அடிங்க, எங்க ஊர்ல ஒருத்தரு பாக்காம 30 லோடு அடிச்சுட்டு அந்த வருசம் மொளகாய் கருகிப்போய் உக்காந்திருந்தாரு.

எங்க எடுக்கணும், எவ்வளவு எடுக்கணும்ங்கிறதுலதான் எல்லாரும் கோட்டை விடுறது:

கரையோட அடிவாரத்துலயே எடுக்காதீங்க. கிட்ட இருக்கு, வண்டிக்கு லேசுன்னு அங்கதான் கை வைப்பாங்க. பத்து பதினஞ்சு மீட்டராவது தள்ளிப் போங்க, இல்லாட்டி கரை உள்ளாற சரியும்.

மடையோட அடிமட்டத்துக்குக் கீழ தோண்டுன தண்ணி வயலுக்கு ஏறாது. மாடு குடிக்க, மீனு கெடக்க, ஊத்துக்கு உதவும், அதுக்கு ஒரு ஓரமா ஒரு பள்ளம் போதும். பூராவும் பள்ளமா ஆக்கிட்டு அப்புறம் மோட்டார் வச்சு எறைச்சா அது கம்மாப் பாசனம் இல்ல, கரண்டுப் பாசனம்.

வண்டல மட்டும் வழிங்க. கருப்பா, கையில புடிச்சா உருண்டையா வர்ற மண்ணு வண்டல். அது முடிஞ்சு மணலோ சரளையோ தெரிய ஆரம்பிச்சா நிறுத்திருங்க, அதுக்கு மேல ஒரு கொத்து போட்டாலும் தண்ணி புடிக்கிற களிப் படலத்த ஓட்டை போட்ட கதை. வீட்டுக்கு, ரோட்டுக்கு மண்ணு வேணும்ங்கிறவனுக்கு அந்தக் கீழ் மண்ணுதான் வேணும், அவன் வண்டல் அள்ள வர்ற மாதிரிதான் வருவான். ராத்திரி வண்டி ஓடுதா, அப்பவே தெரிஞ்சுக்கங்க. அவன் விட்டுட்டுப் போற செங்குத்துக் குழியிலதான் மழைக்கு அப்புறம் குளிக்கப் போற புள்ளைக மூழ்குதுக. ஓரத்த சரிவா இழுத்து விடாம எந்தக் குழியையும் விடாதீங்க, இத நோட்டுல எழுதி வண்டிக்காரன் கிட்ட கையெழுத்தே வாங்குங்க.

எடுத்த வண்டல்ல கொஞ்சத்த கரையில தாழ்ந்த எடத்துக்குப் போடலாம், ஆனா சும்மா கொட்டிட்டுப் போனா முதல் மழையிலேயே கம்மாய்க்குள்ள திரும்ப வந்துரும், இடிச்சு கெட்டிப்படுத்தணும். உள்பக்கம் அலை அடிக்கிற எடத்துல கல்லு, இல்ல வெட்டிவேரு நாணல். வெளிப்பக்கம் ஆவணி புரட்டாசியில பனங்கொட்டை, பத்தடிக்கு ஒண்ணு. புளி ஆல மரம்லாம் கரை மேல வேணாம், வேரு செத்து மக்குனா உள்ளாற பொந்து.

மழைக் காலத்துல ராத்திரி ரோந்து

கம்மா முக்கால்வாசிக்கு மேல ஏறிருச்சுன்னா கரையில ஆளு நடக்கணும், ரெண்டு ரெண்டு பேரா, டார்ச்சு, மம்பட்டி, காலி சாக்கு. பாக்க வேண்டியது கரையோட வெளி அடிவாரம். அங்க கசிவு தெளிஞ்ச தண்ணியா வந்தா பதற வேணாம், மண்கரைன்னா கொஞ்சம் கசியத்தான் செய்யும், குறிச்சு வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பாருங்க. கலங்கலா, மண்ணோட வந்துச்சுன்னா உள்ள தண்ணி மண்ண அரிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், உடனே ஊர எழுப்பணும்.

அந்த ஊத்த வெளிப்பக்கம் மூட்டை வச்சு அமுக்கி அடைக்கப் பாக்காதீங்க, எல்லாரும் அதத்தான் செய்வாங்க. அடைச்சா பக்கத்துல பிச்சுக்கும். அதச் சுத்தி மணல் மூட்டைய கெணத்துச் சுத்துச்சுவரு மாதிரி வட்டமா அடுக்கி உள்ள தண்ணி ஏற விடுங்க, ஏற ஏற அழுத்தம் கொறைஞ்சு தெளிஞ்ச தண்ணியா மாறும். அதே நேரம் கம்மாய்க்குள்ள எங்கயாவது சுழி தெரியுதான்னு பாத்து, தெரிஞ்சா தார்ப்பாய விரிச்சு மேல களி மூட்டைய எறக்குங்க. தண்ணிக்குள்ள எறங்குறவன் இடுப்புல கயிறு இல்லாம எறங்கக்கூடாது, எவ்வளவு பெரிய நீச்சக்காரனா இருந்தாலும். எலி வளை, நண்டு வளை எல்லாம் கோடையிலேயே தோண்டி அடைச்சிருந்தா இந்த வேலை பாதி கொறையும்.

தண்ணி வந்துருச்சு, இனிமேதான் சண்டை

மடைச் சுவத்துல அடிக்கணக்குக்கு பெயிண்ட்ல அளவு போடுங்க. எந்த அளவுக்கு எவ்வளவு தண்ணின்னு இன்ஜினியரு கிட்ட கேட்டா ஒரு அட்டவணை போட்டுக் குடுப்பாரு. கம்மா ரொம்புன உடனே எல்லாரும் நெல்லுன்னு குதிக்கிறதுதான் கேடு. நெல்லுக்கு மழையோட சேத்து 1,200 மில்லிமீட்டர் தண்ணி வேணும், ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர் வாக்குல. உளுந்துக்கு அதுல கால்வாசி போதும். அளவு பாதிக்குக் கீழ இருந்தா மேல் மடையில நெல்லு, கடைமடையில உளுந்துன்னு சபையில முடிவு பண்ணுங்க, அடுத்த வருசம் மாத்திக்கங்க. எங்க ஊர்ல இத ஒத்துக்க வைக்கத்தான் வரத்துக்கால் வெட்டுனத விட அதிக நாள் ஆச்சு. உத்திரமேரூர்ல 919லயும் 921லயும் வெட்டுன கல்வெட்டுல ஏரி வாரியத்துக்கு குடவோலை போட்டு ஆளு எடுத்த கதை இருக்குல்ல, அந்தக் காலத்துலயும் தண்ணிய பங்கு வைக்கிறது லேசான வேலையா இருந்திருக்காது போல.

மடைய ஒரு ஆளுதான் தெறக்கணும். நீர்க்கட்டி, மடைக்குடும்பன், நீர்ப்பாய்ச்சி, ஊருக்கு ஒரு பேரு. யாருக்குச் சொந்தமா நெலம் இல்லையோ அவங்க கையில மடைய குடுத்தா பாரபட்சம் வராதுன்னு பெருமையா சொல்லுவாங்க, சரிதான், ஆனா அந்த வேலைய பரம்பரையா ஒரே சனத்து தலையில கட்டி, களத்துல ரெண்டு மரக்கா நெல்லு அளந்து போட்டு அனுப்புனதும் அதே ஊருதான். அவரு பேரப்புள்ளைக இந்த வேலை வேணாம்னு போனதுல தப்பே இல்ல. திரும்ப ஆளு வைக்கணும்னா மாசச் சம்பளம், பணமா, ஏக்கருக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணி கூட்டத்துல வச்சு குடுங்க. எங்க ஊர்ல இப்ப ரெண்டு பேரு, ஒருத்தங்க பொம்பளை, வயசு 50க்கு மேல, அவங்க மடையில நின்னா எந்த மீசைக்காரனும் முறை தாண்டி வரப்ப வெட்ட மாட்டான்.

சம்பளத்துக்குக் காசு எங்கன்னா, மீன் பாசி ஏலம், அதாவது கம்மாயில மீனு புடிக்கிற உரிமைய ஏலம் விடுறது. ஏலத் தொகையில ஊருக்கு என்ன வரும்னு ஒன்றியத்துல எழுத்துல கேட்டு வாங்குங்க. ஏலம் எடுத்தவரு மீனு புடிக்கணும்னு மடையத் தெறந்து தண்ணிய வெளிய விடுற பழக்கம் உண்டு, அதுக்குத் தடைன்னு ஏல நிபந்தனையிலேயே சேருங்க. மாடு குடிக்க கடைசி ஒரு அடி தண்ணிய தொடக்கூடாதுன்னு அளவுக்குப் பக்கத்துலயே செவப்புக் கோடு போட்டு வச்சிருக்கோம்.

இந்த வருசம் பங்குனியில அந்தக் கோடு தெரியிறப்ப மீன்பிடி வச்சோம். ஊர் பூராவும் மீனு புடிக்கிற ஊத்தாக் கூடையோட எறங்குச்சு, கெளுத்தியும் வெராலும், எங்க வீட்டுக்கு நாலு கிலோ. நாங்க மொத மொத தோண்டுன அந்த 2 ஏக்கர் குழி இருக்குல்ல, பெரிய மீனெல்லாம் அங்கதான் பதுங்கிக் கெடந்துச்சு, ஆனா அதுல எறங்க ஒருத்தனுக்கும் தைரியம் வரல, அவ்வளவு செங்குத்து. அதோட ஓரத்த சரிச்சு விடுற வேலை வைகாசிக்கு வச்சிருக்கோம், ஜேசிபி மூணு மணி நேரம்.